ஒளித்து வைத்த தபால் பெட்டி!

தபால் பெட்டி எங்கே இருக்கும்?

தெரு முனையில் இருக்கும். கடைத் தெருவில் இருக்கும். எல்லோர் கண்ணிலும் படும்படி பளிச்சென்று சிவப்பு வண்ணம் பூசி வைத்திருப்பார்கள்.

ஆனால், யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒளித்து வைத்த தபால் பெட்டிகளும் உலகத்தில் உண்டு!

பாறை இடுக்கில் ஒன்று இருக்கும். ஆற்றங்கரைப் புதருக்குப் பின்னால் ஒன்று இருக்கும். பட்டுப்போன மரத்தின் பொந்தில் ஒன்று இருக்கும். அதைத் தேடி அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா, பாட்டி என்று குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். கையில் சாப்பாட்டு மூட்டை. பையில் ஒரு திசைகாட்டி. மழையானாலும் சரி, பனியானாலும் சரி, விடமாட்டார்கள்.

பெட்டியைக் கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும்? பணமா? கிடையாது. நகையா? அதுவும் கிடையாது. உள்ளே ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் ஒரு ரப்பர் முத்திரையும் இருக்கும். அவ்வளவுதான்!

இதற்கா இத்தனை பாடு?

சிவகாசி, சாத்தூர் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். சின்ன வயதில் தீப்பெட்டிப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்கள் அங்கே ஏராளம். கடையில் விற்றால் ஒரு காசு பெறாத படம்! ஆனால் நண்பனிடம் இல்லாத படம் தன்னிடம் இருந்தால், அந்தப் பையனுக்கு ராஜா ஆகிவிட்ட மகிழ்ச்சி. இதுவும் அப்படித்தான்.

இந்த விளையாட்டு பிறந்த கதை விந்தையானது.

ஆறுகள் பிறக்கும் பொட்டல்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் டெவன் என்று ஒரு மாவட்டம். அங்கே 'டார்ட்மூர்' என்ற பெரிய பொட்டல் மேடு இருக்கிறது. பரப்பு சுமார் 368 சதுர மைல். மரங்கள் குறைவு. எங்கு பார்த்தாலும் புல்லும், புதரும், கருங்கல் குன்றுகளும்தான். இடையிடையே கால் வைத்தால் உள்ளே இழுக்கும் சேற்று நிலம். குட்டைக் குதிரைகள் கூட்டம் கூட்டமாக மேயும். ஆற்றிலே நீர்நாய்கள் உண்டு. வானம்பாடி புல்லுக்குள்ளே தரையில் கூடு கட்டும்.

ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறியும் நிபுணரின் கதைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் பேய் நாயைத் தேடிப் போவதாக ஒரு கதை உண்டு. 1902-ல் புத்தகமாக வந்தது. அந்தக் கதை நடக்கும் இடம் இந்த டார்ட்மூர்தான். இதைப் படித்தவர்களுக்கு அந்த இடம் எவ்வளவு பயங்கரமானது என்று தெரியும். திடீரென்று மூடுபனி இறங்கும். பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள் தெரியமாட்டான்!

ஆனால் அந்தப் பொட்டலுக்கு ஒரு பெருமை உண்டு. அங்கே உள்ள கரிய மண், பஞ்சு போல மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு சிறிது சிறிதாகக் கசியவிடும். டார்ட், டீன், டா, டேவி என்று பல ஆறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

அந்த ஆறுகள் பிறக்கும் வட்டாரத்தின் நடுவே இருக்கிறது 'கிரான்மியர் குளம்'. பெயர்தான் குளம். உள்ளே தண்ணீர் இல்லை! வெறும் கரிமண் பள்ளம்.

சல்லடையால் இறைத்த பேய்

தண்ணீர் எங்கே போயிற்று? அந்த ஊர்ப் பாட்டிமார் ஒரு கதை சொல்வார்கள்.

பக்கத்தில் ஓக்காம்டன் என்று ஓர் ஊர். அந்த ஊரின் நகரசபைத் தலைவர் ஒருவர் செத்துப் பேயாகிவிட்டாராம். ஊரை ஒரே ஆட்டமாக ஆட்டி வைத்தாராம். கடைசியில் பேயைப் பிடித்து, "இந்தக் குளத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்து முடி. பிறகுதான் உனக்கு விடுதலை!" என்று தண்டனை கொடுத்தார்கள். இறைப்பதற்குக் கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு சல்லடை!

சல்லடையில் தண்ணீர் நிற்குமா? பேய் இறைத்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் செத்த ஆடு ஒன்று அதன் கண்ணில் பட்டது. பேய்க்கு மூளை வேலை செய்தது. ஆட்டுத் தோலை உரித்துச் சல்லடையின் அடியில் விரித்தது. மளமளவென்று இறைத்தது. குளம் காலி! இறைத்த தண்ணீர் பாய்ந்து ஓக்காம்டன் ஊரே வெள்ளத்தில் மூழ்கியதாம்.

கதை கதைதான். ஆனால் இந்தக் கதையாலேயே அந்தப் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. போகப் பாதை கிடையாது. வழி தெரிந்த ஆள் துணை இல்லாமல் போனால் சேற்றில் சிக்க வேண்டியதுதான்.

சீசாவில் தொடங்கியது

சாக்ஃபோர்டு என்ற ஊரில் ஜேம்ஸ் பெராட் என்பவர் இருந்தார். டார்ட்மூரின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர். வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டுவது அவருடைய தொழில்.

1854-ஆம் ஆண்டு, அவர் கிரான்மியர் குளத்தில் கற்களைக் குவித்து, அதற்குள் ஒரு கண்ணாடிச் சீசாவை வைத்தார். இத்தனை பாடுபட்டு அங்கே வருகிறவர்கள், தங்கள் பெயர் அச்சடித்த அட்டையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். 'நானும் வந்தேன்' என்பதற்கு அது சாட்சி!

அதே 1854-ஆம் ஆண்டுதான் இந்தியா முழுவதற்கும் பொதுவான தபால் தலைகள் வந்தன. அரை அணாத் தலையை ஒட்டினால், கால் தோலா எடையுள்ள கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் போகும் என்ற ஏற்பாடு வந்தது. நம் நாட்டில் தபால் ஊர் ஊராகப் பரவத் தொடங்கிய அந்த வருஷம், அங்கே ஒரு பொட்டலில் இந்தச் சீசா உட்கார்ந்தது.

பின்னால், அங்கே வந்தவர்கள் ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். விலாசம் எழுதி, தலை ஒட்டிய தபால் அட்டையை அங்கே வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து யார் வருகிறாரோ, அவர் அதை எடுத்துப் போய் ஊர்த் தபாலில் சேர்க்க வேண்டும். அவர் தம்முடைய அட்டையை வைத்துவிட்டுப் போவார்.

அடுத்தவர் எப்போது வருவார்? நாளைக்கு வரலாம். ஒரு மாதம் கழித்தும் வரலாம். அவர் யார்? தெரியாது! ஆனாலும் அட்டைகள் வீடு போய்ச் சேர்ந்தன. அதனால்தான் அதற்குத் 'தபால் பெட்டி' என்றே பெயர் நிலைத்தது.

1905-ல் அங்கே கையெழுத்துப் புத்தகம் வைத்தார்கள். 1921-ல் இங்கிலாந்து இளவரசரே அங்கே போய்த் தம் பெயரை எழுதினார். பின்னாளில் எட்டாம் எட்வர்டு மன்னர் ஆனாரே, அவர்தான்! அவர் பெயருக்கு மேலும் கீழும் சாதாரண மக்களின் பெயர்கள். அந்தப் புத்தகத்துக்கு ராஜாவும் ஒன்றுதான், ஏழையும் ஒன்றுதான்.

1937-ல் அந்தப் பக்கத்துப் பத்திரிகை ஒன்று தன் வாசகர்களிடம் நிதி திரட்டிற்று. சீசா இருந்த இடத்தில் கருங்கல் பெட்டி எழுந்தது.

பூட்சுக்குள் கடிதம்

முகம் தெரியாத ஆளை நம்பிக் கடிதம் வைப்பது டார்ட்மூரில் மட்டும் நடந்தது அல்ல. அதற்கு முன்பே கடலோடிகள் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

தென் ஆப்பிரிக்காவில் மொசல் பே என்ற துறைமுகம். 1501-ஆம் ஆண்டு, இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த ஜோவாவ் த நோவா என்ற போர்த்துக்கீசியத் தளபதி அங்கே இறங்கினார். கரையிலே ஒரு மரம். அங்கே ஒரு பழைய பூட்சு! அதற்குள்ளே ஒரு கடிதம். அந்த வழியாகப் போன பெட்ரோ த அத்தாய்த் என்ற இன்னொரு கப்பல் தலைவர், பின்னால் வருகிறவர்களுக்காக எழுதி வைத்துவிட்டுப் போனது அது. அந்த இடத்தில் இன்று பூட்சு வடிவத்திலேயே ஒரு தபால் பெட்டி கட்டி வைத்திருக்கிறார்கள்.

பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுகள் இருக்கின்றன. ராட்சத ஆமைகளுக்குப் பேர்போன இடம். அங்கே ஒரு தீவின் கரையில் திமிங்கில வேட்டைக்காரர்கள் ஒரு மரப் பீப்பாயை நட்டு வைத்தார்கள். ஊரை விட்டு வருஷக் கணக்கில் கடலிலே கிடப்பவர்கள் அவர்கள். மனைவிக்கும் மக்களுக்கும் எழுதிய கடிதங்களைப் பீப்பாயில் போடுவார்கள். ஊர் திரும்பும் கப்பல்காரர்கள் அவற்றை எடுத்துப் போவார்கள்.

இருநூறு ஆண்டு தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று அங்கே போகும் பிரயாணிகள், பீப்பாயைத் திறந்து தங்கள் ஊர்ப் பக்கத்து விலாசம் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருந்தால் எடுத்து வந்து நேரில் கொடுக்கிறார்கள். தலையும் இல்லை, கூலியும் இல்லை!

முத்திரைக்கு முத்திரை

டார்ட்மூரில் வெகு காலம் இப்படிப்பட்ட பெட்டிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1970-க்குப் பிறகு விளையாட்டு சூடுபிடித்தது. ஆளுக்கு ஒரு பெட்டியை ஒளித்து வைக்கத் தொடங்கினார்கள். எண்ணிக்கை ஆயிரக் கணக்கில் போயிற்று. நூறு பெட்டிகளைக் கண்டுபிடித்தவர்கள் சேர்வதற்கென்றே ஒரு சங்கம் கூட வந்தது.

எப்படித் தேடுவது? பெட்டியை வைத்தவர் ஒரு குறிப்பு எழுதிக் கொடுப்பார். இப்படி இருக்கும்:

"பாலத்தைத் தாண்டு. ஆற்றை இடப் பக்கம் விட்டு நட. மூன்று கற்கள் சாய்ந்து நிற்கும் இடத்தில் நில். வடக்கே நாற்பது தப்படி வை. முள்புதருக்குப் பின்னால் பார்!"

தேடுகிறவர் தமக்கென்று ஒரு முத்திரை வைத்திருப்பார். ஒருவர் முத்திரையில் தவளை இருக்கும். இன்னொருவர் முத்திரையில் கப்பல் இருக்கும்.  எழுத்தை அழிக்கும் ரப்பரில் தாமே செதுக்கிக்கொள்பவர்களும் உண்டு. எழுத்தை இடம் வலமாக மாற்றிச் செதுக்கினால்தான் நேராக விழும். சிவகாசி அச்சகத் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியது இல்லை!

பெட்டி கிடைத்ததும், அதில் உள்ள நோட்டில் தம் முத்திரையைக் குத்துவார். பெட்டியில் உள்ள முத்திரையைத் தம் நோட்டில் குத்திக்கொள்வார். பிறகு எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மூடி, இருந்த இடத்திலேயே, இருந்தபடியே மறைத்துவிட்டு வருவார்.

இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். காவல்காரன் இல்லாத பொட்டலில் கிடக்கும் பெட்டி அது. ஒருவர் எடுத்துப் போனாலும் கதை முடிந்தது. எல்லோரும் திரும்ப வைத்ததால்தான், 1854-ல் தொடங்கிய வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஆசையே ஆபத்து ஆயிற்று

ஆனால் ஆட்கள் பெருகியதும் ஒரு தொல்லை வந்தது.

பெட்டியைத் தேடுகிறேன் என்று பழங்காலக் கற்களைப் புரட்டினார்கள். சுவர்களில் கையை விட்டுத் துழாவினார்கள். கால் பட்டுப் பட்டுக் கரிமண் கரைந்தது. தரையில் கூடு கட்டும் பறவைகள் பயந்தன. டார்ட்மூர் மேல் உள்ள ஆசையால் வந்தவர்களே டார்ட்மூருக்குக் கேடு செய்யும் நிலை!

டார்ட்மூர் 1951-ல் தேசியப் பூங்கா ஆன இடம். ஆகவே விதிகள் எழுதினார்கள். பெட்டி வைக்க நிலத்தைத் தோண்டக்கூடாது. சிமெண்டு பூசக்கூடாது. பழங்காலச் சின்னங்களிலும் சுவர்களிலும் வைக்கக்கூடாது. பறவைகள் முட்டையிடும் மார்ச் முதல் ஜூலை வரை நாயை அவிழ்த்து விடக்கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. டார்ட்மூரின் வட பகுதியில் ராணுவம் சுட்டுப் பழகுகிறது. கிரான்மியர் குளமும் அந்த எல்லைக்குள்தான். சுடும் நாட்களில் குன்றுகளின் மேல் சிவப்புக் கொடி ஏறும். கொடி பறந்தால் உள்ளே போகக்கூடாது. கொடி இல்லாத நாளிலும், தரையில் கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடக்கூடாது. வெடிக்காத குண்டாக இருக்கலாம்!

அமெரிக்காவில் புகுந்தது

1998 ஏப்ரல் மாதம், அமெரிக்காவின் 'ஸ்மித்சோனியன்' பத்திரிகையில் டார்ட்மூர் பெட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? அங்கேயும் ஆற்றங்கரைகளிலும் காட்டுப் பாதைகளிலும் பெட்டிகள் ஒளிந்துகொண்டன.

2000-ஆம் ஆண்டு மே மாதம் இன்னொரு மாற்றம். வானத்தில் சுற்றும் செயற்கைக் கோள்களின் உதவியால், நாம் நிற்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் வசதி பொது மக்களுக்குக் கிடைத்தது. அந்த வாரமே அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைக் காட்டில் மறைத்து, அந்த இடத்தின் கணக்கை வெளியிட்டார். இன்று கைபேசியை வைத்துக்கொண்டு தேடும் பெட்டிகள் உலகெங்கும் 30 லட்சத்துக்கு மேல் இருக்கின்றன.

விளையாட்டு வினையானதும் உண்டு. 2011-ல் இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரின் கடைத் தெருவில் ஒருவர் ஒரு டப்பாவை ஒளித்து வைத்தார். பார்த்தவர்கள் வெடிகுண்டு என்று நடுங்கினார்கள். தெருவைக் காலி செய்தார்கள். ராணுவ நிபுணர்கள் வந்து அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அது விளையாட்டுப் பெட்டி என்று!

அச்சங்குளத்தில் ஆடலாமா?

டப்பாவைக் கண்டு ஓர் ஊர் நடுங்கிய கதை, விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தில் யாருக்கும் சிரிப்பை வரவழைக்காது.

அச்சங்குளம் சாத்தூர் வட்டாரத்தில் உள்ள ஊர். சுற்றிலும் பட்டாசுத் தொழில். 2021 பிப்ரவரி 12-ந் தேதி அங்கே ஒரு பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்று அந்த மக்களுக்குத் தெரியும்.

ஆகவே, வழியில் கிடக்கும் டப்பாவை, திரி போன பட்டாசை, மருந்துப் பொட்டலத்தைத் தொடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்க வேண்டிய ஊர் அது. டார்ட்மூரின் சிவப்புக் கொடி விதி இங்கேயும் பொருந்தும். பட்டாசு ஆலைப் பக்கமும், பொது இடத்திலும் பெட்டியை ஒளித்து வைக்கவே கூடாது.

மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் 1988 முதல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் இருக்கிறது. 2021-ல் அது புலிகள் காப்பகத்திலும் சேர்ந்தது. அங்கே வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. ஒரு பொருளை வைத்துவிட்டு வரவும் கூடாது. டப்பாவின் வாசனைக்குக் குரங்கு வரும். பிளாஸ்டிக்கைக் கடித்து விழுங்கும்.

வைப்பாற்றங்கரையிலும் கவனம் வேண்டும். வெம்பக்கோட்டை அருகே 2022 முதல் தொல்லியல் துறை அகழாய்வு செய்து, சங்கு வளையல்களும் கண்ணாடி மணிகளும் எடுத்திருக்கிறது. அங்கே பெட்டி வைக்க ஒரு குழி தோண்டினாலும், நம் முன்னோரின் சுவடு கலைந்துவிடும்.

அப்படியானால் எங்கேதான் வைப்பது? சொந்தத் தோட்டம் இருக்கிறது. தாத்தா வீட்டுக் கொல்லை இருக்கிறது. தலைமை ஆசிரியர் அனுமதி தந்தால் பள்ளிக்கூட வளாகம் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு இடம் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியின் மேல் 'இது விளையாட்டுப் பெட்டி' என்று எழுதி, வைத்தவர் பெயரையும் எழுத வேண்டும்.

முத்திரைக்குச் செலவு இல்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தோய்த்தால் அழகான பூ விழும்! உருளைக் கிழங்கில் மயில் செதுக்கலாம். புதிதாக எழுதப் படித்தவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. "கிணற்றுக்குக் கிழக்கே இருபது தப்படி. வேப்ப மரத்தின் அடியில் பார்" என்று பேரன் எழுத, பாட்டி எழுத்துக் கூட்டிப் படித்துத் தேடட்டுமே! கண்டுபிடித்ததும் நோட்டில் பாட்டி தன் கையால் பெயர் எழுதட்டும்.

எழுதி முடித்ததும் பெட்டியை மூடி, பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் யாரோ, அவருக்கும் அது வேண்டும் அல்லவா?